தனிமைக்கு மதிப்பெண் போடுகிறவர்

அயல்நாட்டு மாணவர் படும் பாட்டை ஆராய்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் கோலாலம்பூர்ப் பக்கம் இந்த இனம் நன்றாகவே செழிக்கிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: கழுத்தில் மாநாட்டு அட்டை, தோளில் மாநாட்டுப் பை, அந்தப் பைக்குள் போன மாநாட்டின் பை. ஏமன், சூடான், உஸ்பெக்கிஸ்தான் என்று எங்கிருந்து எந்தப் பிள்ளை வந்து இறங்கினாலும் சரி, அவனுக்கு ஊர் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேச ஆளில்லை என்று தெரிந்தால் போதும், இவர் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள்! கெட்டவரா? சேச்சே. அழுகிற மாணவனுக்குக் கைக்குட்டை நீட்டுவார். நீட்டிக்கொண்டே, இந்த அழுகைக்கு ஒன்றிலிருந்து ஏழுக்குள் எவ்வளவு போடலாம் என்று கேட்பார்.

என் பக்கத்து அறைக்காரர் டாக்டர் ரொஸ்னானியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் சொல்லிக்கொடுக்கிறவன். எனக்கு வாய்த்த அண்டை அறை அது. 'தனிமையை வெல்வோம்' என்று அவர் ஒரு கருத்தரங்கு நடத்தினார். துவா ஓதிப் பிரார்த்தனை, வரவேற்புரை, பிரமுகர் உரை, பிரமுகருக்கு நினைவுப் பரிசு, மேடையில் எல்லோரும் கட்டைவிரல் தூக்கி ஒரு படம், பிறகு 'சும்மா இயல்பா' இன்னொரு படம், பிரமுகர்களுக்குத் தனி அறையில் ஆட்டிறைச்சி பிரியாணி. வந்திருந்த அயல்நாட்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம். அதை அவரவர் அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம். தனிமை வெல்லப்பட்டது.

அந்தப் பொட்டலக்காரர்களில் ஒருவன் ஒதாபெக். சமர்கந்திலிருந்து பொறியியல் படிக்க வந்தவன். அவனை டாக்டர் வெள்ளிக்கிழமைதோறும் பேட்டி எடுத்தார். பேட்டி கொடுக்கிறவன் கூச்சம் விட்டுப் பேச வேண்டும் என்று நூலில் போட்டிருக்கிறதாம். அதனால் கரிபாப் பலகாரமும் தே தாரிக் தேநீரும் வாங்கி வைப்பார், அவன் அம்மாவைப் பற்றி விசாரிப்பார், சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். வாரம் முழுக்க ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பையன் அவன். வெள்ளிக்கிழமை வந்தால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முன்கூட்டியே வந்து வாசலில் நிற்பான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒருநாள் கதவு திறந்திருந்தது. எனக்கும் காது திறந்திருந்தது.

"என்ன தம்பி இது? வந்த புதுசுல தனிமைக்கு ஏழு போட்ட. இப்போ மூணு போட்டிருக்க?"

"அவ்வளவுதான் இருக்கு டாக்டர்."

"நல்லா யோசிச்சுப் பாரு. ராத்திரி அழுகை?"

"இப்பல்லாம் வர்றதில்ல."

"ஒரு தடவகூடவா?" டாக்டரின் குரல் உடைந்தது. "பாங்காக்ல மாநாடு வருதுப்பா. தனிமை கூடிக்கிட்டே போகுதுன்னு எழுதி அனுப்பிட்டேனே! உண்மையச் சொல்லு, யாரோட பழகுற?"

"யாரோடவும் இல்ல. வெள்ளிக்கிழமை உங்களோட பேசுறேன்ல, அதான்."

இதைக் கேட்டால் கல்லும் கரையும் என்று நான் எட்டிப் பார்த்தேன். கரைந்துதான் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அப்போ எல்லாத்தையும் கெடுத்தது நான்தான். இனிமே நீ வர வேணாம். உன்னை ஒப்பீட்டுக் குழுல சேத்துடுறேன்."

பையன் முகம் மலர்ந்துவிட்டது. "குழுவா? எங்க கூடுவாங்க டாக்டர்? நான் எங்க ஊர் ரொட்டி சுட்டு எடுத்துட்டு வர்றேன்."

"கூட மாட்டாங்கப்பா. யாரும் யாரையும் பாக்கக் கூடாது. அதுதான் அந்தக் குழு."

மருந்து வேலை செய்தது. அடுத்த முறை கைபேசியில் அனுப்பிய கேள்விகளுக்கு ஒதாபெக் எல்லாவற்றுக்கும் ஏழு போட்டான். பாங்காக்கில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். பரிசும் கிடைத்தது. ஒதாபெக்கையும் மறந்துவிடவில்லை, ஆய்வுக்கு ஒத்துழைத்ததற்காகப் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட கோப்பை ஒன்று தபாலில் போயிற்று. ஒற்றைக் கோப்பை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குப் பாடமே ஓடவில்லை.

உங்களுக்கும் பற்றிக்கொண்டு வருகிறதா? வரட்டும். அவன் விடுதியைக் காலி செய்துவிட்டு ஓர் அடுக்குமாடிக்கு மாறிவிட்டான். அது உங்கள் எதிர்வீடாகக்கூட இருக்கலாம். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்புக் கிடக்கும் வீடு. அந்தப் பையன் வாயே திறப்பதில்லை, நேரங்கெட்ட நேரத்தில் வெங்காயம் வதக்குகிறான், பெருநாளன்றுகூட அவனைத் தேடி ஒருவரும் வரவில்லை, லிஃப்டில் தரையைப் பார்த்தபடியே நிற்கிறான் என்றெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, எவ்வளவு நுணுக்கமான கவனிப்பு! அவன் பெயர் என்ன என்று கேட்டீர்களா?

இல்லையா? நல்லது. கேட்டுவிடாதீர்கள். ஆய்வு கெட்டுவிடும்.