பதினொரு எம்பி முகம்

கடல்மேல் இருக்கும் மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கரைமேல் இருக்கும் மச்சினி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. அக்கா நலம். உங்கள் அம்மா, அதாவது அத்தையும் நலம், என்மேல் மட்டும் கொஞ்சம் கோபம். உங்கள் மகள் உருண்டை ஐந்து மாதத்துக்கு உண்டான எல்லா நலங்களோடும் இருக்கிறாள். நீங்களும் நீங்கள் பார்த்துக்கொள்ளும் கப்பல் என்ஜினும் நலமென நம்புகிறேன். அங்கே படம் திறக்க யுகமாகிறது, எழுத்து மட்டும் சட்டென்று வந்துவிடுகிறது என்று சொன்னீர்களே, அதனால் நடந்த எல்லாவற்றையும் எழுத்தாகவே கொட்டிவிடுகிறேன்.

நீங்கள் கப்பல் ஏறிய பிறகு பிறந்தவள் அவள். முகத்தை உங்களுக்குக் காட்டுவது என் பொறுப்பு என்று நானே ஏற்றுக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை. உருண்டையின் ரசிகர் மன்றத் தலைவி வேறு எதற்கு இருக்கிறாள்? வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்ற வித்தையை வைத்து அவளுக்கென்று ஒரு வெப்சைட் கட்டினேன். போட்டோக்காரரை வரவழைத்துப் பதினாலு படம் எடுத்து, கேமராவிலிருந்து இறங்கிய சூட்டோடு அப்படியே ஏற்றினேன். ஒவ்வொன்றும் பதினொரு எம்பி. குழந்தையே ஏழு கிலோதான். நம் வீட்டில் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது, என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். மூன்று நாள் கழித்து உங்கள் மெயில் வந்தது: "நெத்தி நல்லா இருக்கு. மீதி வரல."

அதைப் படித்துவிட்டு அக்கா துணி மடிக்கப் போனாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் திரும்ப இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் இந்த முகம் வேறு முகமாகிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, படத்தைச் சின்னதாக்கினால் தீர்ந்தது என்று, வெப்சைட்டில் தெரியும் அளவைத் தபால்தலை அளவுக்குக் குறைத்தேன். பார்க்கத்தான் தபால்தலை, உள்ளே இறங்குவது அதே பதினொரு எம்பி. யானையைத் தூரத்தில் நிறுத்திவிட்டு எடை குறைந்துவிட்டது என்று சொன்ன கதை. பிறகு கம்ப்ரஸ் செய்யலாம் என்று இறங்கினேன். அதில் தரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருக்கும், நூறு வரை போகும். நான் ஐந்தில் வைத்தேன். கோழி இறகு மாதிரி லேசாகிவிட்டது, உடனே ஏற்றிவிட்டு டீ போடப் போனேன். டீ கொதிப்பதற்குள் அத்தை போனில் படத்தைப் பார்த்துவிட்டு, கையில் களிம்போடு வாசலில் நிற்கிறார்.

"புள்ளைக்கு உடம்பெல்லாம் கட்டங்கட்டமா தடிச்சிருக்கு. என்ன சோப்பு போட்டுக் குளிப்பாட்டுறீங்க?"

"அத்தை, படந்தான் அப்படி ஆயிருக்கு, புள்ளைக்கு ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு உருண்டையை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உருண்டை இதையும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். கடைசியில் அத்தை தீர்ப்புச் சொன்னார்: "இப்ப இல்ல. படம் எடுத்தப்போ இருந்திருக்கு."

படங்களை அந்த நிமிடமே கழற்றினேன். ஒரிஜினலைத் திரும்பப் போடலாம் என்று பார்த்தால், ஒரிஜினல்மேலேயே சேவ் கொடுத்திருக்கிறேன், மாமா. பதினாலும் கட்டங்கட்டமாக. அவள் முதன்முதலாக வாய் திறந்து சிரித்த படமும் அதில் ஒன்று. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போட்டோக்காரரிடம் ஓடினேன். அவருக்குச் சோம்பல் என்பதால் நான் பிழைத்தேன், கேமரா கார்டை அவர் இன்னும் அழிக்கவில்லை.

"ஒரிஜினல ஒரு ஃபோல்டர்ல பத்திரமா வெச்சுட்டு காப்பிலதாம்மா கை வைக்கணும். உன் வீடியோல இத சொல்லலையா?"

"சொல்லியிருப்பாங்க. நான் ரெண்டு மடங்கு வேகத்துல பாத்தேன்."

கைவசம் வேறு இல்லாததால் கனமான படங்களையே தற்காலிகமாக ஏற்றிவைத்துவிட்டு, இந்த முறை சாதாரண வேகத்தில் பார்த்துக் கற்றேன். பின்னாலிருந்த சுவரை வெட்டினேன். அகலத்தை உங்கள் போன் திரைக்குப் போதுமான அளவுக்குக் குறைத்தேன். தரத்தை எழுபதில் நிறுத்தினேன். பதினொரு எம்பி நூற்றிருபது கேபி ஆனது, கன்னம் கன்னமாகவே இருந்தது.

அடுத்து, படம் வராமல் போனால் அந்த இடத்தில் தெரிய ஒரு வரி எழுத வேண்டும். 'குழந்தை சிரிக்கிறது' என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் குழந்தை வேண்டுமானாலும் சிரிக்குமே என்றாள். எங்க வீட்டு மூக்கு என்று போடச் சொன்னார் அத்தை. அப்படியானால் பத்து மாதம் சுமந்ததற்கு என் பங்கு எது என்று அக்கா கேட்டாள். இரண்டு நாள் வழக்கு நடந்து, கடைசியில் ஏறிய வரி இது: 'சிரித்தால் இடது கன்னம் மட்டும் குழிகிறது. மூக்கு இரு வீட்டுக்கும் பொது.'

இன்று காலை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். இதைப் படித்ததும் திறந்து பாருங்கள். அக்கா அடிக்கொருதரம் வந்து மெயில் வந்ததா என்று கேட்காமல், மணி என்ன என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

அத்தையின் ஆசியும், அக்காவின் அன்பும், உருண்டையின் எச்சில் பட்ட முத்தமும் இத்துடன் வருகின்றன. இவற்றில் எதையும் கம்ப்ரஸ் செய்யவில்லை.

இப்படிக்கு,
மன்றத் தலைவி

பி.கு: இதை அனுப்பும் முன்பே உங்கள் மெயில் வந்துவிட்டது. அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்: "மூணே செகண்ட்ல முழு முகமும் வந்துடுச்சு. திரும்பத் திரும்பத் திறந்து பாத்தேன். ஆனா இங்க எல்லாரும் என்னத் திட்டுறாங்க. தினமும் சாப்பாட்டு நேரத்துல என் போனச் சுத்தித்தான் மொத்தக் கப்பலும். ஒரு நாள் புருவம் வரைக்கும் வருவா, ஒரு நாள் கண்ணு வரைக்கும். வாய் யார் மாதிரின்னு சமையல்காரர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. இப்ப பொசுக்குனு முடிஞ்சுபோச்சாம். அந்தக் கனமான படம் மாதிரி இன்னொண்ணு போடேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் உருண்டை விழித்துக்கொண்டாள். புதிதாக ஒரு படம் எடுத்து, எதையும் வெட்டாமல் குறைக்காமல் ஏற்றியிருக்கிறேன். பன்னிரண்டு எம்பி. முதல் பல் வந்திருக்கிறது. மேலேயா கீழேயா என்று உங்களிடம் சொல்லக் கூடாதாம், அக்கா உத்தரவு.