எனக்கு எதற்கு மானிட்டர்?

“புதுசு வந்திருக்கு” என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் நான் முதலில் “எதில்?” என்று கேட்டுவிடுவேன். புதுச் சட்டை, புதுப் படம், புதுச் சம்பந்தி எதிலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. கம்ப்யூட்டரிலோ போனிலோ புதுசு என்றால்தான் பயம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை நம்பித்தான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறேன். நீங்கள் ராத்திரி ‘அப்டேட்’டை அமுக்கிவிட்டுத் தூங்கப் போனால், காலையில் உங்களுக்கு நாலு படத்தின் கலர் மாறியிருக்கும். எனக்குக் கம்ப்யூட்டரின் வாயே போயிருக்கும்.

விண்டோஸில் ஒரு குரல், அதற்குக் கீபோர்டில் ஒரு கட்டை. ஆண்ட்ராய்டு போனில் இன்னொரு குரல். ஒருமுறை தொட்டால் படிக்கும், இரண்டுமுறை தட்டினால்தான் திறக்கும், பஸ்ஸில் குலுங்கினால் தானாகவே யாருக்காவது போன் போட்டுவிடும். மகளுடைய லேப்டாப்பில் மூன்றாவது குரல். அதற்கு இரண்டு கட்டைகளை ஒருகையால் பிடித்துக்கொண்டு மறுகையால் வீணை வாசிக்க வேண்டும். மருமகன் “மாமா, லினக்ஸ் இலவசம்” என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அது இரண்டு நாள் பேசியது, பிறகு என்ன கோபமோ, பேசவில்லை. (மருமகனோடு நானும் ஒரு வாரம் பேசவில்லை.) இந்தக் குரல்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. ரயில் டிக்கெட் எடுக்கப் போனால் எல்லாம் சேர்ந்து “பட்டன், பட்டன், பட்டன்” என்னும். என்ன பட்டன் என்று ஒன்றும் சொல்லாது.

எனக்கு இந்தப் பயம் பிடித்தது 1991-ல்.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, பெங்களூர் ரோட்டோரம் ஒரு தொழிற்சாலை. லாரிக்கு ரப்பர் குழாய் செய்வார்கள். பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் வேறு யாரோ வேறு என்னவோ செய்கிறார்கள். நான் மணிமங்கலத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போவேன். டெலிபோன் ஆபரேட்டர் வேலை. போன் வராத நேரத்தில் கடிதம் டைப் அடிக்க வேண்டும். இருபத்து மூன்று வயது. இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை.

ஆகாவிட்டால் என்ன கதி என்பதும் முடிவாகியிருந்தது. அந்தக் காலத்தில் கண் தெரியாதவனையும் கால் வராதவனையும் அரசாங்கமும் சொந்தக்காரர்களும் சேர்ந்து எஸ்.டி.டி. பூத்தில்தான் உட்காரவைப்பார்கள். என் அண்ணன் மணிமங்கலம் பஸ் ஸ்டாப்பில் இடமே பிடித்துவிட்டான். ஆயுசு முழுக்க ஒரு கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் துபாய் மச்சானோடு கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பயந்தே நான் தினமும் முதல் பஸ்ஸைப் பிடிப்பேன்.

“பெர்மனென்ட் ஆவலன்னா இன்னாடா? கூண்டு ரெடியா கீது” என்பான் அண்ணன். அன்பாகத்தான் சொல்வான், அதுதான் இன்னும் எரிச்சல்.

என்னைக் காப்பாற்றியது ஒரு பெட்டி. முதலாளியின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து எனக்காக அனுப்பியது. டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். கம்ப்யூட்டரின் முதுகில் அதைச் சொருகி, கூட வந்த பிளாப்பியையும் போட்டுவிட்டால், திரையில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தை எல்லாம் ஜலதோஷம் பிடித்த அமெரிக்கன் குரலில் படிக்கும். நான் அதன் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் அது பேசுவது எனக்கு மட்டும்தான் புரிந்தது. மற்றவர்களுக்குத் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி இருக்குமாம். ஆபீஸ் முழுக்க அதற்கு ‘வெள்ளைக்காரன்’ என்றே பெயர்.

“உன் வெள்ளக்காரன் இன்னா சொல்றான் தயாளா?” என்று தினம் ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போவார் கன்னியப்பன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், ஆபீஸ் அட்டெண்டர்.

ஆபீஸில் மொத்தம் மூன்று கம்ப்யூட்டர். ஒன்று முதலாளி அறையில், ஒன்று அக்கவுண்ட்ஸில், மூன்றாவது என்னுடையது. ஒருநாள் அக்கவுண்ட்ஸ் மானிட்டர் புகைந்து போனது. பர்சனல் மேனேஜர் சம்பத் சார் நேராக என்னிடம் வந்தார்.

“ஏம்ப்பா தயாளன், உனக்கு எதுக்கு மானிட்டர்?”

நியாயமான கேள்விதானே? “அதானே சார், எடுத்துக்கிட்டுப் போங்க” என்று தாராளமாக வாரிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் மேஜையில் கீபோர்டும் பெட்டியும் மட்டும். நான் அடிப்பது எனக்கும் வெள்ளைக்காரனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் ஆயிற்று. முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் மூச்சுச் சத்தம் நின்றது. எனக்குத் தலைக்கனம் ஏறியது. (தலைக்கு மேலேயே ஏறியது.) கம்ப்யூட்டர் என்ற ஒன்றே கண் தெரியாதவர்களுக்காகக் கண்டுபிடித்ததுதான், மற்றவர்கள் ஏதோ ஓசியில் உபயோகித்துக்கொள்கிறார்கள் என்று கேன்டீனில் பேசித் திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்களோடு கூட்டுச் சேர ஒரு ஜெர்மன் கம்பெனிக்காரர் பார்க்க வருகிறார் என்று தகவல். முதலாளி ஆபீஸை நவீனமாக்கச் சொன்னார். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்கர் என்ற திருநெல்வேலிப் பையன் ‘விண்டோஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தான். அதுவரை எங்களிடம் இருந்தது டாஸ். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. இதில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்குமாம்.

பாஸ்கர் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் வந்தான். “அண்ணாச்சி, ஒங்க மிஷின விட்டுருவோமா? இது பூராப் படம் படமாலா இருக்கு. ஒங்க பொட்டி பேசுமா?”

ஒரு நல்ல மனுஷன் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பான்? “சோதித்துப் பார்ப்போம் தம்பி” என்றிருப்பான். நான் சொன்னேன்: “ஏன், கண்ணு தெரியாதவனுக்கு மட்டும் பழசா? இங்கிலீஷ்லதானே எழுதியிருக்கு? எங்காளு படிப்பான். போடுய்யா!”

அவன் சாயங்காலம் நான் கிளம்பிய பிறகு, அக்கவுண்ட்ஸ் மானிட்டரை இரவல் வாங்கி என் மிஷினில் மாட்டி, விண்டோஸைப் போட்டு, கரன்ட் போட்டதும் அதுவே திறக்கிற மாதிரி செய்து, மானிட்டரைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

மறுநாள் ஜெர்மன்காரர் வருகிற நாள். என்னையும் அவருக்குக் காட்டப்போகிறார்கள் என்று சம்பத் சார் சொல்லியிருந்தார். “இது நல்லா நடந்தா உன் கன்ஃபர்மேஷன் பேப்பர்ல முதலாளி அன்னிக்கே கையெழுத்துப் போடுவார்.” நான் இஸ்திரிச் சட்டை, பவுடர் எல்லாம் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினேன். வெள்ளைக்காரன் வழக்கம்போல ஏதோ முனகினான், இரண்டு வரி படித்தான், நின்றுவிட்டான். ஒயரை அழுத்தினேன். பெட்டியைத் தட்டினேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். ம்ஹூம்.

“இன்னா தயாளா, உன் ஆளு வாய மூடிகினு கீறான்?” என்றார் கன்னியப்பன். அதற்குள் முதலாளி, சம்பத் சார், பாஸ்கர் எல்லோரும் சூழ ஜெர்மன்காரரின் பூட்ஸ் சத்தம் வராந்தாவில் வந்துவிட்டது.

அந்த நிமிஷம் “சார், பெட்டி பேசவில்லை” என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன். விரலுக்கு எல்லாம் தெரியும், சும்மா அடித்துவிட்டுப் பிரிண்ட் கொடுத்தால் போச்சு என்று நினைத்தேன். சம்பத் சார் பெருமையாக விளக்க, ஜெர்மன்காரர் நிதானமாக ஒரு நன்றிக் கடிதம் சொல்ல, நான் ஆர்மோனியக்காரன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி அடித்தேன். வரி முடிகிற இடத்தில் என்டரை ஓங்கி ஒரு தட்டு. கடைசியில் பிரிண்டுக்கு உண்டான கட்டைகளை அமுக்கிவிட்டு, கைகட்டிக் காத்திருந்தேன்.

பிரிண்டர் அசையவில்லை.

ஜெர்மன்காரர் குனிந்தார், அவர் மூச்சு என் தோளில் பட்டது. “திரை எங்கே?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“அவருக்குத் தேவையில்லை சார்” என்றார் சம்பத் சார்.

“சரி. அவர் செய்வதை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?”

“நாங்கள் பார்ப்பதில்லை சார்.”

பிறகு சம்பத் சார் என் காதோரம் வந்தார். “உள்ள என்னய்யா நடக்குது?”

“தெரியல சார்.”

“பாஸ்கர்?”

“எனக்கும் ஒண்ணும் தெரியலையே சார்.”

“அப்போ இங்க கீற யாருக்குமே தெரியாதா?” என்றார் கன்னியப்பன்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கலவரத்திலும் எனக்கு உள்ளூர ஒரு குரூர திருப்தி. முதலாளி, மேனேஜர், ஜெர்மன்காரர் என்று அத்தனை ஜோடிக் கண்ணும் ஒரு தகரப் பெட்டியைச் சுற்றி நின்று திருதிருவென்று விழிக்கிறது. வாருங்கள், உட்காருங்கள், என் உலகம் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. பூத் நினைவு வந்துவிட்டது.

முதலாளி அறை மானிட்டரைக் கழற்றி வரச் சொன்னார்கள். கன்னியப்பன் முக்கி முனகித் தூக்கிவந்தார், பாஸ்கர் மாட்டினான். கன்னியப்பன்தான் முதலில் வாய் திறந்தார்.

“அடப்பாவி தயாளா! சீட்டுக்கட்டுடா! ராஜா, ராணியெல்லாம் வரிசையா பிரிச்சி வெச்சிகீற!”

முதல்நாள் சாயங்காலம் விண்டோஸைப் போட்டுவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சாக்கில் பாஸ்கர் அதில் இருந்த சீட்டாட்டத்தை ஆடியிருக்கிறான். ஆட்டத்தை மூடியவன், விளையாட்டுகளின் படம் இருக்கிற ஜன்னலை மட்டும் திறந்தபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் ஓங்கித் தட்டிய முதல் என்டரில் சீட்டாட்டம் திறந்துகொண்டது. அதற்கப்புறம் வார்த்தைக்கு வார்த்தை நான் இடம்விடத் தட்டியபோதெல்லாம் ஒரு சீட்டு புரண்டிருக்கிறது. நன்றிக் கடிதம் முழுவதையும் சீட்டாக ஆடி முடித்திருக்கிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால், போன மாதம்தான் கேன்டீன் பின்னால் ரம்மி ஆடிய இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ‘கம்பெனி வளாகத்தில் சீட்டாடினால் வேலை நீக்கம்’ என்ற சுற்றறிக்கையை டைப் அடித்தது அடியேன்தான்.

“டியூட்டி நேரத்துல சீட்டா?” சம்பத் சார் மேஜையைத் தட்டினார்.

“சார், எனக்குக் கண்ணு தெரியாது சார்.”

“அது எனக்குத் தெரியும்யா. சீட்டாடினியா, இல்லையா?”

ஜெர்மன்காரர் பலமாக இருமினார். சிரிப்பை அடக்கினாரா, எங்கள் ரப்பர் புகையா, தெரியாது. பாஸ்கர் வாயே திறக்கவில்லை. அவனுக்கும் வேலை புதுசு, பாவம். போடச் சொன்னதும் நான்தான்.

என்ன ஆயிற்று என்பதைப் பாஸ்கர் பிறகு கண்டுபிடித்தான். டாஸில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், பெட்டி படிக்கும். விண்டோஸ் எழுத்தையும் படமாக வரைகிறது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் எழுத்துதான். பெட்டியோ படம் பார்க்கிற ஜாதி இல்லை. அவன் விண்டோஸை எடுத்துவிட்டதும் வெள்ளைக்காரன் ஒன்றுமே நடக்காத மாதிரி பேசினான். முதல் வேலையாக என்மேல் நடவடிக்கை எடுக்கும் மெமோவை என்னிடமே டைப் அடிக்கக் கொடுத்தார்கள், ஆபீஸில் வேறு டைப்பிஸ்ட் இல்லை. “டியூட்டி நேரத்தில் சீட்டு விளையாடியது ஏன்?” என்பதை வெள்ளைக்காரன் எனக்கு ஜலதோஷக் குரலில் வாசித்தான். சம்பத் சாருடைய இங்கிலீஷில் இருந்த இரண்டு தப்பையும் நானே திருத்தினேன்.

பதிலையும் நானே அடித்தேன். “ஐயா, எனக்குச் சீட்டாடத் தெரியாது. இருந்தாலும், என் மேஜையில் ஒரு மானிட்டர் வைக்கக் கோருகிறேன். எனக்காக அல்ல. கண் தெரிகிறவர்கள் அது இல்லாமல் மிகவும் சிரமப்படுகிறார்கள்.” இந்த அதிகப்பிரசங்கித்தனத்துக்குப் பலனாக மானிட்டர் வந்தது. பெர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த ஆறு மாதமும் அண்ணன் பூத்துக்கு என்ன கலர் பெயின்ட் அடிக்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். (கலரை என்னிடம் கேட்டான்!)

ஒருவழியாகப் பெர்மனென்ட் ஆனதும் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். போன இடத்தில் எல்லாம் ஒரே பதில். பையன் நல்ல பையன், வேலையும் நல்ல வேலை, ஆனால் கண்... என்று இழுப்பார்கள். பிறகு படப்பையிலிருந்து ஒரு இடம் வந்தது. பெண்ணின் அப்பா விசாரிக்கத் தொழிற்சாலை வாசல் டீக்கடைக்கே வந்துவிட்டார். அங்கே மாட்டியது கன்னியப்பன்.

“தங்கமான புள்ளங்க. கண்ணுதான் தெரியாது. சீட்டுல மட்டும் கில்லாடி. வெள்ளக்காரன் எதிர்லயே குந்திகினு ஆடினவன்னா பாத்துக்கோங்க!” என்றிருக்கிறார். பெருமையாகத்தான்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் தொங்கிய குரலோடு வீட்டுக்கு வந்தான். “கண்ணு தெரியாதது பரவால்லியாம்டா. சீட்டாடறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாராம்.”

அண்ணன் கன்னியப்பனின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒருத்தர் என்னைக் கண்ணுக்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்ட பழக்கத்துக்காக வேண்டாம் என்கிறார், ஊரில் உள்ள மற்ற ஆம்பிளைகளை எல்லாம் சொல்கிற மாதிரி. இப்பேர்ப்பட்ட மனிதர்தான் எனக்கு மாமனாராக வர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். பாஸ்கரைப் பிடித்துப் படப்பைக்கு இழுத்துப் போனோம். “ஆடுனது நாந்தான் அண்ணாச்சி, இவுகளுக்கு ஒண்ணுந் தெரியாது” என்று அவர் முன்னால் அவன் அழாத குறையாகச் சொன்னான். அவர் பாதிதான் நம்பினார். பாதி போதும் என்று அவர் பெண் ரேவதி சொல்லிவிட்டாள்.

மீதிப் பாதியை அவர் இன்றுவரை நம்பவில்லை. எண்பதைத் தாண்டிவிட்டார். பொங்கலுக்குப் படப்பைக்குப் போனால், கூடத்தில் பேரப் பிள்ளைகள் சீட்டுப் போட்டு ஆடும் சத்தம் வாசலிலேயே எனக்குக் கேட்கும். என் கைத்தடி படியில் தட்டியதும் அவர் குரல் கொடுப்பார்: “மாப்ள வந்துட்டாரு. டேய், சீட்டுக்கட்ட எடுத்து உள்ள வையி!”