கைப்பேசி உறங்கும் வேளை

ஈரப்பலா மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை ஆறு மணிக்கு இரும்பால் அடித்தால் ஊரே மாலை ஜெபத்துக்குத் தலை குனியும். பசிபிக் தீவான சமோவாவில் எந்த ஊரும் அப்படித்தான். சில வருஷமாகக் குனிந்த தலை நிமிரவே இல்லை. எல்லார் மடியிலும் கைப்பேசி.

ஆகவே மக்கள் நலன் கருதி, மாவட்ட அலுவலகம் 'கைப்பேசி உறக்க வேளை' என்னும் மகத்தான திட்டத்தை அறிவித்தது. ஆறு முதல் ஏழு வரை கைப்பேசியை அணைத்து ஓலைக்கூடையில் போட வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கூடையைப் படமெடுத்து அதிகாரி துய்லோமாவுக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஒரு பெட்டி டப்பா மீன் அபராதம்.

சாய்லி முதல் நாளே அணைத்துப் போட்டாள். மறுநாளே அபராதச் சீட்டு வந்தது. இடுப்பில் பிள்ளை லூபேயோடு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அணைச்சுத்தானே வெச்சேன் ஐயா?"

துய்லோமா தன் கைப்பேசியிலிருந்து தலையெடுக்கவில்லை. "ஆதாரம் எங்கம்மா?"

"அணைச்ச போனுல எப்படிங்க படம் எடுக்கிறது?"

"இன்னொரு போனுல எடு."

"எங்கிட்ட ஒண்ணுதாங்க இருக்கு."

"இந்தப் பழக்கத்த ஒழிக்கணும்னா வீட்டுக்கு ரெண்டாவது வேணும்மா. திட்டத்துல தெளிவா இருக்கே!"

பக்கத்து வீட்டு மகெரிதா பழசு ஒன்றைக் கொடுத்தாள். "நாங்க மூணாவது வாங்கிட்டோம்டி. இந்தப் பழக்கத்த விடணும்ல?"

சாய்லியின் புருஷன் யோசேஃபோ நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தான். போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "லூபே முதல் அடி வெக்கிறத எனக்குக் காட்டாம விட்டுடாத புள்ள."

மகெரிதா போன் கொடுத்த அன்று மாலை, மூன்றாவது படம் அனுப்பியதும் துய்லோமாவின் பதில் வந்தது: 'கூடையின் முன் இரண்டு பாதங்கள் மறைக்கின்றன. ஆதாரம் செல்லாது. அப்படத்தை அழித்துவிட்டு, மீண்டும் எடுத்து அனுப்பவும்.'

சாய்லி பயந்து அழித்தாள். கூடையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள், குனிந்து எடுத்தாள், அனுப்பினாள். 'ஏற்கப்பட்டது.'

நிமிர்ந்தால், அந்தக் கோடித் தூணைப் பிடித்து நின்ற லூபே இந்தக் கோடியில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"மகெரிதாக்கா! லூபே நடந்தாளா? பாத்தீங்களா?"

சுவரில்லாத வீடுகள். நாலு பக்கமும் ஜனம்.

"எங்கடி பாத்தேன்? என் கூடையில நெழலு விழுந்து தொலைச்சிருச்சு!"

ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் கூடைமேல் குனிந்திருந்தார்கள்.

அந்த மாதமே 'தலை நிமிர்ந்த ஊர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். துய்லோமா அதை வாசித்தபோது ஊரே கைப்பேசியில் படம் பிடித்தது.

யோசேஃபோ கூப்பிட்டான். "நடந்துட்டாளாமே! படம் எடுத்தியா புள்ள?"

பாதங்கள் விழுந்ததை அழித்தாயிற்று; மீண்டும் எடுத்தது இருந்தது. அனுப்பினாள். அதில் கூடையும், அணைந்த கைப்பேசியும் மிகத் தெளிவாக விழுந்திருந்தன.