இரண்டாம் பக்கத்து அணுக்கள்

"மெஷினை நிறுத்துங்க! ரெண்டாம் பக்கத்துல ஒரு ஆக்ஸிஜனைக் காணோம்!"

அச்சகமே திரும்பிப் பார்த்தது. முதலாளி எழுந்து ஓடிவந்தார்.

"காணோம்னா? யார் எடுத்துட்டுப் போனாங்க?"

புள்ளியக்கா மூச்சு வாங்க நின்றாள். தட்டச்சுக்காரி. விட்டுப்போன புள்ளி ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அந்தப் பெயர். ஆனால் போன பரீட்சைத் தாளில் ஒரே கேள்வியை இரண்டு தடவை அடித்துவிட்டாள். "இந்தத் தாள் பிழையில்லாம போச்சுன்னா மெய்ப்புத் திருத்துற மேஜை உனக்கு. இல்லேன்னா வேற வேலை பார்த்துக்க" என்று முதலாளி சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வேதியியல் தாளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் பக்கம் பக்கத்து இருக்கைக்காரனுக்கு, இரண்டாம் பக்கம் இவளுக்கு. அதன் உச்சியிலேயே வாத்தியார் கையெழுத்தில், அ முதல் ஈ வரை, நான்கு சமன்பாடுகள். முதலாவது: H₂ + O₂ → H₂O.

"இந்தப் பக்கம் ஆக்ஸிஜன் ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு. பாருங்க!"

"வாத்தியார் எழுதினதை அப்படியே அடிச்சா போதாதா?"

"பிழைன்னு வந்தா யார் தலை உருளும்?"

முதலாளி வாத்தியாருக்குப் போன் போட்டார். அது அணைந்து கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கவிழ்த்ததே இந்த அணுக்கணக்குதான். இரண்டு தடவை எழுதியும் தேறவில்லை. பழைய பகை, விடுவாளா? O-வின் காலடியில் ஒரு 2 போட்டாள். H₂O₂. கணக்குச் சரியாகிவிட்டது! பெருமை தாங்காமல், அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் தங்கைக்குப் போன் செய்தாள்.

"ஐயோ அக்கா, அது தண்ணியே இல்ல! நாங்க முடி வெளுக்கப் போடுற மருந்து. கீழ இருக்கிற சின்ன எண்ணுல கை வெச்சா பொருளே மாறிடும். முன்னாடி போடு!"

முன்னால் போட்டாள். ஆக்ஸிஜன் கிடைத்தது, ஆனால் ஹைட்ரஜன் நான்காகிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. யோசித்தாள். இடப்பக்க ஹைட்ரஜனுக்கு முன்னாலும் ஒரு 2 வைத்தாள். நாலுக்கு நாலு, ரெண்டுக்கு ரெண்டு!

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

அடுத்தது அம்மோனியா. நைட்ரஜனைச் சரிக்கட்டினால் ஹைட்ரஜன் ஆறு கேட்டது. கொடுத்தாள். மூன்றாவது எழுதியபடியே சரியாக இருந்தது. "இதுல மட்டும் வாத்தியார் தூங்கல போல" என்று பெரிய மனசோடு விட்டுவிட்டாள். நான்காவது மீத்தேன் எரிவது. அரைமணி நேரம் அது அவளை ஆட்டிவைத்தது. விரல்கள் போதாமல் குண்டூசிகளை மேஜையில் பரப்பி எண்ணினாள். கடைசியில் அதுவும் பணிந்தது.

அச்சடித்திருந்த முந்நூறு தாளும் குப்பைக்குப் போயின. முணுமுணுத்துக்கொண்டே முதலாளியும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"அட, கரெக்டாத்தான் வருது! நாளையிலிருந்து அந்த மேஜை உனக்குத்தான்!"

புதிதாய் முந்நூறு ஓடியது. மெஷின் சத்தம் அவளுக்கு மேளம் கொட்டுவதுபோல் இருந்தது. அன்று தோற்ற பெண் இன்று வாத்தியாரையே திருத்திவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சாயங்காலம் வாத்தியார் கட்டுகளை வாங்க வந்தார். புள்ளியக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனாள்.

"சார், நீங்க மூணு சமன்பாட்டுல கோட்டை விட்டிருந்தீங்க. கவலைப்படாதீங்க, நான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

வாத்தியார் முகம் வெளுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், மூலையில் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, முதல் பக்கத்துக் கடைசி வரியில, 'கீழ்க்காண்பவற்றுள் சமன்செய்யப்பட்ட ஒரே சமன்பாடு எது?'ன்னு இருக்கே. நீ நாலையும் சரி பண்ணிட்டா, பசங்க எதைத்தான் எழுதுவாங்க?"