சங்கு ஊதியாச்சு

ராயபுரம் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா ஸ்டானிஸ்லாஸ் ஆகிய நான், ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை என் வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன்.

"அஞ்சு மணிச் சங்கு ஊதினா ஆபீஸ் குளோஸ். ஆபீஸ் பேச்சு வூட்ல கூடாது. வூட்டுப் பேச்சு ஆபீசுல கூடாது. ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் சொன்ன வைத்தியம்."

டாக்டர் சொன்னது உப்பைக் குறைக்கத்தான். மீதி என் சொந்தச் சரக்கு.

என் மனைவி பிலோமிக்கு மூன்று வருஷமாக ஒரே கேள்வி. "வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ரயில் பாஸும் லீவும் கேட்டீங்களா?" எனக்கும் ஒரே பதில். "கேட்டேன். ஹெட்கிளார்க் முடியாதுன்னுட்டாரு."

ஹெட்கிளார்க் லட்சுமணனிடம் நான் வாயைத் திறந்ததே இல்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தால் எனக்கு என் பெயரே மறந்துபோகும். மாதாவைப் பார்க்க எனக்கும் கொள்ளை ஆசைதான். நடுவில் லட்சுமணன் உட்கார்ந்திருக்கிறாரே!

பிலோமி சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை.

"நல்ல சட்டங்க. ஆபீசு ஆபீசோட, வூடு வூட்டோட. நானும் அப்பிடியே நடந்துக்கிறேன்."

பத்து நாள் வீடு சொர்க்கமாக இருந்தது. சங்குக்கு ஐந்து நிமிஷம் முன்பே குடையும் கையுமாக நிற்பேன். பியூன் நீட்டிய காகிதங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள் வீட்டுக்குள் நுழைந்தால், டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. பிள்ளைகள் இரண்டும் குதிக்கின்றன.

"இன்னா பிலோமி, துணியெல்லாம் அடுக்கினுகீறே?"

"வேளாங்கண்ணிக்கு."

"பாஸு?"

"கீது. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"யாரு வாங்கினது?"

"அது ஆபீஸ் பேச்சு. சங்கு ஊதியாச்சுங்க."

யாருக்கு ஊதியது என்று அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது.

"லட்சுமணன் சாரைப் பாத்தியா? இன்னா சொன்னாரு?"

"லட்சுமணனா? இந்த வூட்ல அப்பிடி யாரும் இல்லியே."

"சட்டம் வாபஸ்! சொல்லித் தொலை!"

அவள் என் வேட்டியைத் தவிர மற்றதையெல்லாம் பெட்டியில் வைத்து மூடினாள்.

"பாஸு ஆபீஸ் சமாச்சாரம். அதான் நீங்க ஷெட்டுக்குள்ள இருந்தப்போ ஆபீசுக்கே போயி கேட்டேன். 'மூணு வருசமா உன் வூட்டுக்காரரு கேக்கவே இல்லியேம்மா'ன்னாரு."

நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"தங்கமான மனுசன். 'அவரும் கூட வராரா, லீவு போட்டுடவா'ன்னு கேட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது. "நீ இன்னா சொன்னே?"

"கூட யாரு வராங்கன்றது வூட்டுப் பேச்சாச்சே சார், ஆபீசுல பேசினா எங்க வூட்டுக்காரருக்குக் கொதிப்பு ஏறும்னுட்டு வந்துட்டேன்."