ஊதா நாக்கோடு பெண் பார்க்கப் போனது

சாதாரண முட்டாளைத் திருத்திவிடலாம், படித்த முட்டாளை ஒன்றும் செய்ய முடியாது. நான் எம்.ஏ.

அறுபதுகளில் சிதம்பரத்தில் ஒலியியல் படித்தேன். (“ஆ, ஊன்னு கத்துறதுக்கு ஒரு படிப்பு” என்பார் அப்பா.) நாக்கில் கரிப்பொடியைக் குழைத்துத் தடவிக்கொண்டு ‘ள’ என்று சொன்னால், மேலண்ணத்தில் நாக்கு பட்ட இடம் கறுப்பாகத் தெரியும். அதைக் கண்ணாடியில் பார்த்து வரைய வேண்டும். எனக்கு ஊறிய எச்சிலில் கரி நிற்கவில்லை. உடனே மூளை வேலை செய்தது. வாய்ப்புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை நாக்கு முழுக்கப் பூசினேன். படம் பிரமாதமாக வந்தது. நாக்குதான் பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. உப்பு, எலுமிச்சம்பழம், செங்கல்பொடி எதற்கும் மசியவில்லை.

மறுநாள் ஞாயிறு. கடலூரில் பெண் பார்க்க வேண்டும். முதலில் மாதா கோயில் பூசையில் ஜாடையாகப் பார்த்துக்கொள்வது என்று மாமா ஏற்பாடு. போட்டோவிலேயே எனக்கு ஸ்டெல்லாவைப் பிடித்துவிட்டது. இந்த இடம் தவறினால் பிழைக்க மாட்டேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

கோயில் வாசலில் பெண்ணின் அப்பா, “பஸ்ல கூட்டம் ஜாஸ்தியா தம்பி?” என்றார். தலையாட்டினேன்.

“என்னா படிக்கிறீங்க?”

உதட்டைப் பிரிக்காமல் சிரித்தேன்.

அவர் மாமாவிடம் திரும்பினார். “புள்ளைக்குப் பேச்சு வருமாங்க?”

“பேச்சப் பத்தித்தாங்க படிக்கிறான்!”

பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும் நேரம் வந்தது. அப்போதெல்லாம் மண்டியிட்டு நாக்கை நீட்டித்தான் வாங்க வேண்டும். போகாமல் உட்கார்ந்திருந்தால், பையன் ஏதோ பெரிய பாவத்தில் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். போனேன். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன்.

சாமியாரின் கை அந்தரத்தில் நின்றது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம், அவர் உடுப்பும் ஊதா. என் நாக்கையும் தன் உடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில் பெண்கள் பக்கம் மண்டியிட்டிருந்த ஸ்டெல்லா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

வெளியே வந்ததும், என் பக்கத்தில் மண்டியிட்டு எல்லாவற்றையும் பார்த்திருந்த அவள் அப்பா பிடித்துக்கொண்டார். “தபசு காலத்துல பீடத்துக்கு ஊதாத் துணி போடுவாங்க. நாக்குக்குமா போடுவாங்க?”

ஒலியியல் என்றால் என்னவென்று விளக்கினேன். ‘ள’ சொல்லியும் காட்டினேன். அவர் இரண்டடி பின்வாங்கி, “இது சரிப்படாதுங்க” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டெல்லாதான் காப்பாற்றினாள். “அப்பா, இவ்ளோ நேரம் வாயத் தொறக்காம இருந்தாரே, இப்புடி ஒரு ஆம்பள எங்க கெடைப்பாரு?”

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால் அவள் அலட்டிக்கொள்வதில்லை. “எங்க, நாக்க நீட்டுங்க பாப்போம்” என்பாள். பேரப்பிள்ளைகள் அடுப்படியிலிருந்துகூட ஓடிவந்து என் நாக்கைப் பார்க்க வரிசையாக நின்றுகொள்வார்கள். எவ்வளவு நியாயம் என் பக்கம் இருந்தாலும், அதற்குமேல் என்ன பேச முடியும்?