இரவல் மாடுகளும் நிவாரணத் தொகையும்

அன்பு மைத்துனருக்கு, உன் அக்காளைக் கட்டியவன் எழுதிக்கொள்வது. இங்கு மாடுகள் நலம், உன் அக்காள் மிக நலம். அங்கு உன் கடையும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். என் நலத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

ஊரடங்கில் ஓட்டல்கள் மூடிக் கிடந்தபோது கறந்த பாலைக் கால்வாயில் ஊற்றியதும், தீவனக் கடன் கழுத்தை நெரிக்க ஆறு மாட்டில் நான்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டதும் உனக்குத் தெரியும். நொடித்த பண்ணைகளுக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது, நீங்களும் எழுதிப் போடுங்கள் என்று நீதான் சொன்னாய். போட்டேன். அது வந்தால் பண்ணை பிழைக்கும், வராவிட்டால் பூட்டிவிட்டு உன் கடையில் மூட்டை தூக்க வரவேண்டியதுதான்.

கால்நடை அதிகாரி நேரில் வந்து நஷ்டத்தைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. நஷ்டம், நிவாரணம் எதுவும் உன் அக்காள் மண்டையில் ஏறவில்லை. "ஒரு பெரிய மனுஷர் வர்றப்ப கொட்டில் இப்படியா ஈயாடிக்கிட்டுக் கிடக்கும்? நம்மைப் பத்தி என்ன நினைப்பார்?" என்று ஆரம்பித்தவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள், அத்தோடு விட்டாளா, நான் தவிடு வாங்கப் போன நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம், "அண்ணே, அரை நாளைக்கு உங்க மாட்டைக் குடுங்க" என்று ஏணி இரவல் வாங்குகிற மாதிரி வாங்கி, அவருடைய எட்டு மாட்டையும் குளிப்பாட்டி நம் இரண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். நான் திரும்பி வரும்போது அதிகாரி கொட்டிலுக்குள் நிற்கிறார். "பிரமாதமா வெச்சிருக்கீங்க சார், உங்களுக்கு எதுக்கு நிவாரணம்?" என்று கையைக் குலுக்கிவிட்டு, நஷ்டமில்லை என்று எழுதிக்கொண்டு நேரே பக்கத்துப் பண்ணைக்குப் போனார். அந்தப் பண்ணைக்காரரும் நிவாரணத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். அங்கே கொட்டிலில் ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை. அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டதாம். முழுத் தொகையும் அவருக்கு. கேட்டால், "நான் ஒரு பொய்யும் சொல்லலைங்க, மாடு எங்கேன்னு அவர் கேக்கவே இல்லை" என்கிறார்.

உன் அக்காளோ, "பணம் போனா போகுது, மானம் மிஞ்சிச்சே" என்கிறாள். மானத்தைக் கறந்தால் பால் வருமா, நீயே சொல். எனக்கு வயிறு எரிகிறது.

மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி, வெள்ளிக்கிழமை அதே அதிகாரியை மறுபடி வரச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். இதை விட்டால் வேறு வழியில்லை. அதற்குள் நீ வந்து, ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி உன் அக்காளை அழைத்துப் போய்விடு.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். இதைத் தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே குடுத்துட்டுப் போனார், படிச்சேன். மாட்டைக் கட்டினது நான்தான், இல்லேங்கலை. ஆனா அந்த அதிகாரி கிளம்பறப்ப, "நிஜமாவே இதெல்லாம் உங்க மாடுதானா?"ன்னு இவரைத் தனியாக் கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். இவர் மீசையைத் தடவிக்கிட்டு, "இது கொஞ்சம்தான் சார், மிச்சம் மேய்ச்சலுக்குப் போயிருக்கு"ன்னார். வெள்ளிக்கிழமை நம்ம ரெண்டு மாட்டோட நான் இங்கேயே இருந்து பாத்துக்கறேன். நீ வந்து உங்க அத்தானைக் கூட்டிட்டுப் போ.